மூன்று என்று வட்டமிடுகிறவள்

மார்ச் 4

காலையில் விரல்கள் மடங்க நாற்பது நிமிடம். அம்மாதான் தலை பின்னிவிட்டாள். இருபத்தாறு வயதில்!

மூட்டுவாதப் பிரிவில் வழக்கம்போல் வலி அட்டை கொடுத்தார்கள். பூஜ்யம் முதல் பத்து வரை, இன்றைய வலி எதுவோ அதை வட்டமிட வேண்டும். நான் ஏழு. பக்கத்தில், துணி தைத்துப் பிழைப்பதால் எல்லோரும் தையலக்கா என்று கூப்பிடுகிறவள். எனக்குள்ள அதே நோய், அதே மாத்திரை, என்னைவிட வீங்கிய மணிக்கட்டு. ஆனால் அவள் வட்டமிட்டது மூன்று. "என் விரல் மாதிரி கோணலா ஒரு சட்டை தைச்சா யாராவது வாங்குவாங்களா சிஸ்டர்?" என்றாள். வரிசையே சிரித்தது.

எனக்கு வயிறு எரிந்தது. ஓடுகிறவர்களைப் பார்த்துக்கூட இப்படி எரிந்ததில்லை.

மார்ச் 11

நூலகத்தில் மேல்தட்டுப் புத்தகத்தை எடுக்க முடியாமல் நின்றேன். தையலக்காவாயிருந்தால் எடுத்திருப்பாள். வலி ஒன்றேதான் என்றால், குறை என்னிடமா? நான் வெறும் கோழையா?

ஏப்ரல் 1

நானும் மூன்று என்று வட்டமிட்டேன். டாக்டர் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே! மாத்திரையைக் குறைச்சுப் பார்ப்போம்."

தையலக்காவுக்குக் கேட்கும்படி, "எனக்கும் மூணுதாம்மா" என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

ஏப்ரல் 9

வீக்கம்.

ஏப்ரல் 17

பேனா நழுவிக்கொண்டே இருக்கிறது. "பொய் சொன்னியாடி?" என்று அம்மா கேட்டாள். ஆமா, சொன்னேன்! அவ மட்டும் எப்படி மூணு போடறா? நான் மட்டும் ஏன் இப்படி—

கத்தினேன். அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 22

குறித்த தேதிக்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தையலக்காவும் இருந்தாள்.

"என்ன தங்கச்சி, மூணுன்னியே?"

"நீங்க போடறீங்களே!"

அவள் சிரிக்கவில்லை. "ஏழுன்னு போட்டா, தையலை விட்டுடுன்னு டாக்டர் சொல்லிடுவார். என் வீட்டுக்காரர் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கார். மெஷினை எடுத்துட்டா நான் யாரு, சொல்லு?" என் அம்மா பக்கம் பார்த்துவிட்டு, "எனக்கு உன்னைப் பார்த்தாதான் பொறாமை. தைரியமா ஏழு போடறே. உன் பையைப் பிடிச்சுக்க அம்மா இருக்காங்க. நான் ஒருத்தியா வந்து ஒருத்தியா போறேன்."

என்மேல் பொறாமையா? என்மேலா?

எட்டு என்று வட்டமிட்டேன். கையால் மறைக்கவில்லை. டாக்டரிடம் ஏப்ரல் பொய்யையும் சொன்னேன். பழைய அளவு மாத்திரை, கூடவே நல்ல திட்டு.

மே 6

விரல்கள் இருபத்தைந்து நிமிடத்தில் மடங்கின.

தையலக்கா அட்டையை என்னிடம் நீட்டினாள். "இன்னிக்குக் கையில பேனா நிக்கலை. நீயே போடு."

"எத்தனை?"

சுவரையே வெகுநேரம் பார்த்தாள். "ஆறு. தையலை விடுன்னு சொன்னா, நீயும் கூட வந்து பேசணும்."

சரி என்றேன். ஆறை வட்டமிட்டேன், கோணலாக.

அவள் பையும் என் பையும் அம்மாவின் மடியில் இருந்தன. அதைப் பார்த்தபோது மட்டும் வயிறு இன்னமும் கொஞ்சம் எரிந்தது.