காற்று வழியைக் கட்டிய கை

பக்கத்து வீட்டில் ஜன்னலுக்குப் பலகை அடிக்கிறார்கள். சிக்லோன் புயல் வருகிறது என்று ரேடியோ சொல்கிறது. நம் தீவில், இந்த செமின் கிரனியே ஊரில், ஆணிச் சத்தம் கேட்டாலே எனக்கு உன் கால்தான் ஞாபகம் வரும். எனக்கு எழுதத் தெரியாது, அது உனக்கே தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மகள் எழுதுகிறாள். நீ கோயில் வகுப்புக்கு அனுப்பிப் படிக்க வைத்த தமிழ்.

கரும்புத் தோட்டத்து வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நம் இரண்டு பேரையும் திரும்ப வேலைக்குச் சேர்க்கவில்லை. யுத்தம் வந்ததும் பட்டாளத்துக் கூலியாள் பிரிவில் பெயர் கொடுத்தோம். எகிப்தில் ஒரு துறைமுகம். எதிரி விமானம் தாழப் பறக்காமல் இருக்க, கம்பியில் கட்டி மேலே விடும் பெரிய பலூன். அதை ஏற்றி இறக்குவது நம் வேலை.

அங்கிருந்த சார்ஜண்ட், வாயு அடைத்துப் பறக்கும் ஆகாயக் கப்பலில் முன்பு வேலை பார்த்தவர். அவரிடம் கேட்டதையெல்லாம் நீ மணலில் வரைந்து காட்டினாய்.

"மேல் வயித்துல வாயு. கீழ ஒரு பை, அதுல வெறும் காத்து. மேலே போனா வாயு வீங்கும், பைக் காத்தை வெளியே தள்ளும். இறங்கினா வாயு சுருங்கும், காத்து உள்ளே வந்து இடத்தை நிரப்பும். அதான் உடம்பு விறைப்பா நிக்குது. ஆகாயக் கப்பல்ல முன்னால ஒரு பை, பின்னால ஒரு பை. முன்பையில காத்து ஏத்தினா மூக்கு தாழும், பின்பையில ஏத்தினா மூக்கு தூக்கும்."

"காத்துக்கு ஏதுடா கனம்?"

"அந்த வாயுவை விடக் கனம். உன் மண்டையை விட லேசு, மாத்லோ."

கூட்டாளியை நாம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஒரு மத்தியானம் வானம் மஞ்சளாகிவிட்டது. பலூன் தரையில் கிடந்தது. நீ கம்பியைச் சுற்றும் வின்ச்சுக்கு எண்ணெய் விடப் போயிருந்தாய். சிக்லோனுக்கு முன்னால் ஆவது போல வானம் அப்படி ஆனால் நம் ஊர்க்காரனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எல்லாவற்றையும் அடை. உள்ளே காற்று புகுந்தால் கூரை போய்விடும். கயிற்றை எடுத்துப் பலூனின் கீழ்ப் பைக்குக் காற்று போய்வரும் வழியைக் கட்டினேன். நாலு சுற்று, கரும்புக் கட்டுக்குப் போடும் முடிச்சு. வேறு ஊர்க்காரன் என்றால் அந்த வழியைத் தொட்டிருக்கவே மாட்டான்.

ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. ஏறியது. பைக்காற்று வெளியேற வழியில்லை. வீங்கிய வாயுதான் மேல் வால்வைத் தள்ளிக்கொண்டு கசிந்தது. நமக்குத் தெரியவில்லை. நீ இறக்கத் தொடங்கியபோது மிச்ச வாயு சுருங்கியது, நிரப்பக் காற்று வரவில்லை. வயிறு ஒட்டியது. மூக்கு மடங்கியது. நனைந்த கோணி மாதிரி அப்படியும் இப்படியும் அடித்தது.

நீ அண்ணாந்து பார்த்தாய். "யாரோ கட்டியிருக்காங்க" என்றாய், மெதுவாக.

கம்பி அறுந்து உன் காலைச் சுற்றியது.

ஆஸ்பத்திரியில் அதிகாரி விசாரித்தபோது நான் உன் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அந்த முடிச்சு யாருடையது என்று உனக்குத் தெரியும். "நான்தான் கட்டினேன்" என்றாய் நீ. அவர் போனதும், "காலை எடுத்துட்டாங்க. என்கிட்ட இன்னும் என்னத்த எடுப்பாங்க? நீ பேசாம இரு" என்றாய்.

பேசாமல் இருந்தேன். ஊர் திரும்பியதும் ரம் கடையில் உன்னைக் காட்டி, "சிக்லோன் வருது, அண்ணனைக் கூப்பிடு, வானத்தையே கட்டிடுவாரு" என்பார்கள். நீ சிரிப்பாய். நானும் சிரித்தேன். சுதந்திரம் வந்து கொடி மாறிய வருஷம் நீ போனாய். அன்று உன் பாடையைத் தூக்கியவர்களில் ஒருவன்கூட அதைச் சொல்லிச் சிரித்தான்.

இன்று காலை உன் மகள் பலகை கொண்டு வந்தாள். "பயப்படாதீங்க சித்தப்பா, அப்பா மாதிரி தப்பா அடைக்க மாட்டேன்" என்றாள். அதனால்தான் உட்காரச் சொன்னேன். காகிதம் எடுக்கச் சொன்னேன்.

கயிறு என்று சொன்ன இடத்தில் அவள் கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை. எழுது என்றேன்.

கடைசி ஜன்னல் இன்னும் திறந்திருக்கிறது. காற்று உள்ளே வருகிறது. அந்த முடிச்சு இன்னும் என் விரலில் இருக்கிறது. அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.