பொட்டு வைத்த முனை

எங்கள் சிப்காட் பக்கத்து மோட்டார் டாக்டரே, என் செல்ல அண்ணா,

நேற்று அணுக்கள் ஜோடி சேர்ந்துவிட்டன! ஜெர்மனியில் எங்கள் ஆய்வகமே துள்ளியது. முதலில் உனக்குத்தான் போன் போடக் கை போனது. நீ எங்களை விட்டுப் போய் எட்டு மாதம் ஆனதை ஒரு நொடி மறந்தேன்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு ஓசூர் வந்தபோது, எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் உன் ரீவைண்டிங் கடையில் உட்கார்ந்து விளக்கினேனே, நினைவிருக்கிறதா? சில உலோகங்களைக் கடுங்குளிரில் வைத்தால் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து, மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் அணுக்களை அதைவிடக் குளிர்வித்து, எலக்ட்ரான் வேஷம் போடவைத்துப் பார்க்கிறோம் என்றேன். பேரிகை கிராமத்திலிருந்து வந்த பம்புசெட் மோட்டாரைக் கழற்றியபடி நீ சிரித்தாய்.

"கரண்டு போயும் ஒயரு சூடாவாதா? அப்போ மோட்டாருல காயிலே எரியாது. என் கடைய மூடிட வேண்டியதுதான்!"

ஆனாலும் அந்த அணுக்களை ஜோடி சேர்க்கும் காந்தப்புலத்துக்கு இரண்டு செம்புச் சுருள்களை நீயே சுற்றிக் கொடுத்தாய். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பி முனையில் குங்குமப் பொட்டு. பூஜைக்கு வைத்தது என்று நினைத்து, இங்கே வந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டேன்.

மாட்டிப் பார்த்தால் ஒரு சுருளின் புலம் மற்றதை அழித்தது. உடனே உனக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"ஒரு காயில தலைகீழா சுத்தியிருக்க!"

"பொட்டு இருந்துச்சாம்மா?"

"அதெல்லாம் தொடச்சிட்டேன். இப்ப அதுவா முக்கியம்?"

"சரி வுடும்மா, என் தப்புதான். ஒண்ணுத்தோட ஒயர மாத்திப் போடு, சரியாப் பூடும்."

சரியாகத்தான் போனது. அண்ணன் தலைகீழாகச் சுற்றிய சுருள் என்று ஆய்வகத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

நேற்று அண்ணியிடம் சேதி சொன்னபோது அதையும் சொன்னேன். அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவரா தப்பா சுத்துவாரு? வருஷம் பூரா எந்தக் காயிலுக்கும் ஆரம்பிக்கிற முனையிலதான் பொட்டு வெப்பாரு. மாட்றவங்களுக்கு அதான் அடையாளம்!"

பொட்டைத் துடைத்துவிட்டு முனை மாற்றி மாட்டியவள் நான்தான். அழுதேன், அண்ணா. அப்புறம் சிரித்தும்விட்டேன். உனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இல்லையா? ஏன் என்னைத் திட்டவில்லை?

வரும் திங்கட்கிழமை இந்த முடிவை எல்லோர் முன்னாலும் பேசப்போகிறேன். முதல் படமே உன் சுருள்கள்தான். தப்பு யாருடையது என்று சொல்லிவிட்டுத்தான் அணுக்களுக்கு வருவேன். இன்று காலை இரண்டு ஆரம்ப முனைகளிலும் குங்குமம் வைத்துவிட்டேன். இனி யாரையும் துடைக்க விடமாட்டேன்.

உன் வாயாடித் தங்கை,
கௌரி