‘நான் இல்ல’ என்ற பதிலை ‘இல்லை’ என்று பதிந்தது குறித்து

அனுப்புநர்
பங்கேற்பாளர் எண் 17-இன் தம்பி,
அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் டெக்னீஷியன்.

பெறுநர்
செயலாளர்,
ஆய்வு நெறிமுறைக் குழு,
மனநல மருத்துவமனை.

பொருள்: மனச்சோர்வுக்கான கெட்டமின் மருந்து ஆய்வில் என் அக்காவின் பதில் தவறாகப் பதியப்பட்டது – திருத்தக் கோருதல் – வெள்ளிக்கிழமை மருந்தின் அளவைக் கூட்டாதிருக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மருந்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பதினான்கு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் என் அக்கா. எந்த மாத்திரைக்கும் அசையவில்லை. உங்கள் முதல் மருந்து ஏறிய மறுநாள் தானாக எழுந்து ஜன்னலைத் திறந்து, "ஏண்டா ஸ்பேனர், வீட்டை இப்படியா வச்சிருப்ப?" என்று என் பட்டப்பெயரைச் சொல்லித் திட்டினாள். அந்தத் திட்டு எனக்கு இன்னும் வேண்டும்.

2. மருந்து ஏறிய நாற்பது நிமிடமும் அவள் அருகில் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் நர்ஸ் படிவத்தோடு வந்து, "உடம்பை விட்டு விலகின மாதிரி இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். அக்கா, "நான் இல்ல" என்றாள். நர்ஸ் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

3. அவள் சொன்னதன் பொருள், வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளே விவரித்தபோதுதான் எனக்கே புரிந்தது. அறை மெல்லத் தண்ணீரால் நிறைந்ததாம். கட்டில் அடியாழத்துக்குப் போய்விட்டதாம். தான் விளக்குக்குப் பக்கத்தில் மிதந்தாளாம். கீழே யாரோ ஒரு பெண் கிடக்க, அவளுக்குக் குளிருமே என்று போர்வை தேடினாளாம். கட்டிலில் கிடந்தது ‘நான் இல்ல’ என்றுதான் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டபின் என் கால் தரையில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

4. மூன்றாம் நாள் கொதிக்கும் தண்ணீர்க் குழாயின் கீழ் கையை நீட்டிக்கொண்டு, யாருடைய கையையோ பார்ப்பதுபோல் நின்றாள். நான்தான் இழுத்தேன். கொப்புளம் இன்னும் ஆறவில்லை. இதற்கு உங்கள் படிவத்தில் கட்டமே இல்லை.

5. விலகல் உணர்வு ‘இல்லை’ என்றால் அடுத்த முறை ஒன்றரை மடங்கு என்பது ஆய்வு விதி. ஆய்வு மருத்துவரிடம் முறையிட்டேன். "ஃபார்ம் மேல போயாச்சு தம்பி. ரொம்பக் கிண்டினா அக்காவையே ஆய்வுலேர்ந்து எடுத்துடுவாங்க" என்றார். பூஜ்யம் தவறிய தராசுக்கு நாங்கள் சிவப்புச் சீட்டு ஒட்டிச் சரிசெய்வோம். தராசைத் தூக்கி எறிய மாட்டோம். இது எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவனுக்கும் தெரியும்.

ஆகவே, அந்த டிக்கை அழித்துவிட்டு அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதவும், அளவைக் கூட்டாமல் குறைக்கவும், அவளை ஆய்விலிருந்து நீக்காதிருக்கவும் வேண்டுகிறேன். வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது.

நாள்: செவ்வாய்க்கிழமை
இடம்: ஆய்வுப் பிரிவின் காத்திருப்பு அறை

இப்படிக்கு,
(கையொப்பம்)
எண் 17-இன் தம்பி

பின்குறிப்பு, என் அக்காவின் கையெழுத்தில்: படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மை. மேலிருந்து பார்த்தபோது தம்பியின் உச்சந்தலையில் சொட்டை விழ ஆரம்பித்திருந்தது. அதை அவன் மறைத்துவிட்டான், பதிவு செய்யவும். வெள்ளிக்கிழமை வருவேன். இந்த முறை கொஞ்சம் தாழ்வாக மிதந்தால் போதும்.