ராணி கேட்ட ‘ஒன் மோர்’

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நான் ஒத்திகை பார்த்துவந்த ராணி வேடத்தை ஒரு சீரியல் நடிகைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். நான் இப்போது தோழி.

"அந்த முகத்துக்குத்தாம்மா டிக்கெட் விக்குது" என்றார் நாடக மேனேஜர்.

நேற்று அரங்கம் நிரம்பி வழிந்தது. பாதியில் அவளுக்கு வசனம் மறந்துபோனது. நேராகச் சபையைப் பார்த்து, "சாரி, ஒன் மோர் போலாமா?" என்றாள், கேமராவே இல்லாத மேடையில்! அதற்கும் விசிலடித்தார்கள், அறிவுகெட்ட ஜனங்கள். மிச்ச வசனத்தை நான்தான் அவள் காதில் ஓதினேன். கைதட்டல் அவளுக்கு. எனக்குச் சிரிப்புதான் வந்தது, கவலைப்படாதீர்கள்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், அப்படியே வரட்டும்.

மணி அடித்துவிட்டது. அந்த மகாராணிக்கு விசிறி வீசப் போகிறேன்.

உங்கள் மகள்