அக்கா வைத்த நீளமான பெயர்கள்

என் செல்ல அக்காவுக்கு,

நீ போய் மூன்று மாதமாகிறது. பட்டான்செரு தொழிற்பேட்டையில் உன் கம்பெனிக்காரர்கள் உன் மேல் பழி போட்டுவிட்டார்கள். கழிவுநீரை வெளியே விடுவதற்கு முன் நீ சோதிக்கவே இல்லையாம். விசாரணை நடக்கிறது. செத்தவள் வந்து பதில் சொல்லமாட்டாள் என்ற தைரியம்.

உன் மேலாளர் என்னிடம் ஒரு பட்டியலை நீட்டினார். "பாருங்க சார், உங்க அக்கா கம்ப்யூட்டர் பூரா தேடிட்டோம். எல்லாத்துக்கும் 'கோப்பு இல்லை'ன்னுதான் வருது. நாங்க என்ன செய்றது?" சண்டை போட்டு உன் கோப்புறைகளின் நகலைப் பென் டிரைவில் வாங்கி வந்தேன்.

"நக்கோ மச்சான், வேணாம். போனவ போயிட்டா, விட்டுடு" என்றார் அத்தான். நீ உயிரோடு இருந்தபோது மட்டும் உனக்காக எங்கே வாய் திறந்தார்?

இருபது வருஷம் கணிதம் கற்பித்தும் துறைத்தலைவர் நாற்காலியைத் தராதவர்களையே இன்னும் மன்னிக்காதவன் நான். இவர்களை விடுவேனா? இணையத்தில் தொடக்கப் பாடம் ஒன்றைப் படித்து, கம்ப்யூட்டருக்குக் கட்டளையிடும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை ஆறு வரியில் எழுதினேன். கோப்புறைகளுக்குள் போய்க் கோப்புகளைத் தேடிப் பட்டியலிட வேண்டும், அவ்வளவுதான்.

ஓட்டினேன். எனக்கும் அதே பதில். கோப்பு இல்லை, கோப்பு இல்லை.

அக்கா, மன்னிப்பாயா? அன்று மாலை முழுக்க நானும் உன்னைச் சந்தேகித்தேன்.

ஆத்திரத்தில் ஒரு கோப்புறையைக் கையாலேயே திறந்தேன். உள்ளே அத்தனையும் இருந்தன! நீதான் கோப்புக்குக்கூட முழு வாக்கியத்தில் பெயர் வைப்பவளாயிற்றே. 'நாலாம் தொட்டி சோதனையில் தேறவில்லை மேலாளரிடம் சொன்னேன்.' என் ஸ்கிரிப்ட் அந்தப் பெயரைச் சொல் சொல்லாக வெட்டி, 'நாலாம்' என்று ஒரு கோப்பையும் 'தொட்டி' என்று இன்னொன்றையும் தேடியிருக்கிறது. கற்றுக்குட்டிப் பிழை. பெயர் சிதறாமலிருக்க ஸ்கிரிப்டில் மேற்கோள் குறி போட்டதும் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

அவர்களுக்காகத் தேடிய ஆளும் இதே பிழையைத்தான் செய்திருக்க வேண்டும். பிழைதானா? ஒரு முறை திறந்து பார்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லையா?

மேலாளருக்குப் போன் செய்து, கோப்புகள் கிடைத்த விதத்தைச் சொன்னேன்.

"சின்ன டெக்னிகல் மிஸ்டேக் சார். பெரிசு பண்ணாதீங்க."

"பெரிசுதான் பண்ணப்போறேன். 'மேலாளரிடம் சொன்னேன்'னு எழுதி வெச்சிருக்கா. அந்த மேலாளர் யாரு சார்?"

போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை மறுபடி விசாரணை. அத்தான் வரமாட்டார். நான் போவேன். நீ வைத்த ஒவ்வொரு பெயரையும் அவர்கள் முகத்துக்கு நேரே உரக்க வாசிப்பேன். நிறுத்தச் சொன்னால், மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த தம்பி,
மெட்டுகுடா வீட்டிலிருந்து