அல்மாஸ் கடைப் பலகை

பொங்கோல்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகள் டானியலாவுக்கு,

மாதாவின் தயவில் இங்கே நானும் அம்மாவும் சுகம், அடிஸ் அபாபா குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, ஆனாலும் தேக்கா மார்க்கெட்டுக்கு அவளே போய் மீனின் செவுளைத் திறந்து பார்த்து வாங்கினால்தான் திருப்தி. உன் தம்பி வேய்னுக்குப் பாசிர் ரிஸ்ஸில் வீடு வந்துவிட்டது, அடுத்த மாதம் சாவி கிடைக்கும், சுவருக்கு என்ன நிறம் என்று அவனும் அம்மாவும் தினம் ஒரு சண்டை. இதெல்லாம் போனில் உனக்குத் தெரிந்த சங்கதிதான். பேனாவை எடுத்த காரணம் வேறு. போன வாரம் குடும்ப வாட்ஸ்அப்பில் நீ போட்ட படத்துக்கு அப்பா ஏன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, உடம்பு சரியில்லையா என்று அம்மாவிடம் கேட்டாயாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. வயிற்றெரிச்சல், அவ்வளவுதான்.

உன் ஆபீசுக்குக் கீழே காப்பிக் கடை வைத்திருக்கும் அந்த அல்மாஸ், அவள் கடை வாசல் பலகை முழுக்க அந்த ஊர் அம்ஹாரிக் எழுத்தில் சாக்பீஸால் எழுதியிருக்கிறது, எழுதியது நீ, பக்கத்தில் நின்று சிரிப்பதும் நீ. வேய்ன் பத்து இதயம் அனுப்பினான். அம்மா அதை லிஃப்டில் ஏறி இறங்குகிற ஒருத்தர் விடாமல் காட்டிவிட்டாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், அத்தனை அழகான கையெழுத்து, ஒரு கோடு கோணல் இல்லை. அதற்கு முன்பே வீடியோ காலில் ஒருநாள் சொன்னாய், அப்பா ரொம்ப ஈஸி லா, நம்ம தமிழ் மாதிரியேதான், ஒரு மெய்யோட உயிர் வந்து ஒட்டிக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஏழு வடிவம், மொத்தம் இருநூத்து முப்பத்தொண்ணு, நாலு மாசத்துல முடிச்சிட்டேன் என்று. நம்முடைய இருநூற்று நாற்பத்தேழையும் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தபோது அந்தத் தாளைக் கிழித்துக் கட்டிலுக்கு அடியில் ஒளித்த பிள்ளை நீ. தமிழின் அமைப்பை முப்பத்தொரு வயதில் ஒரு காப்பிக்காரியிடமா போய்ப் புரிந்துகொள்வது?

அந்த எழுத்தில் ஏதாவது குறை கண்டுபிடித்தே தீருவது என்று நான் வேலை பார்க்கிற அச்சகத்தில் ஒருவர் விடாமல் விசாரித்தேன், எனக்கே வெட்கமாக இருக்கிறது. அங்கே பேனருக்குச் சீன எழுத்து அடிக்கும் லிம் சொன்னார், எங்களுக்கு அநேகமாகப் பொருள் தரும் ஒவ்வொரு அசைக்கும் ஒரு எழுத்து, பேப்பர் படிக்கவே மூவாயிரம் வேண்டும், தட்டச்சு செய்து செய்து கையால் எழுதுவது பாதி மறந்துவிட்டது என்று. கவுண்டரில் இருக்கும் சம்சுன்னிசா, அரபியில் குர்ஆனுக்கு உயிர்க்குறி எல்லாம் போட்டிருக்கும், பேப்பரில் மெய்யெழுத்துதான் வரிசையாக நிற்கும், குறில் உயிரைப் படிக்கிறவரே போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். இங்கிலீஷில் உயிர் தனி, மெய் தனி. இத்தனை வகை உலகத்தில் இருக்க நீ போய் விழுந்தது நம்முடைய வகையிலேயே. சீனம் படித்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது, அது வேறு வழி என்று விட்டிருப்பேன். அம்ஹாரிக்கில் ஏழு உயிர்தான், நமக்குப் பன்னிரண்டு என்று சம்சுன்னிசாவிடம் பெருமையாகச் சொன்னேன். அதுக்கு என்னண்ணே இப்ப, உங்க மக தமிழ் நல்லா எழுதுமா என்று கேட்டாள். மெஷினுக்குத் தாள் வைக்கப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து ஒரு விஷயம் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. உனக்குப் பதினாலு வயதில் மாதா திருநாளுக்குத் தமிழ் வாசகம் படிக்கக் கூப்பிட்டார்கள். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது இரண்டாவது வரியிலேயே எழுத்துக்கூட்டித் தடுமாறினாய். அச்சகத்தில் தமிழ் எழுத்துக் கோக்கிறவன் மகள் எல்லார் முன்னாலும் இப்படி நின்றால் என் மானம் என்ன ஆவது என்று, மொத்த வாசகத்தையும் இங்கிலீஷ் எழுத்தில் எழுதி உன் கையில் கொடுத்தேன். நீ ஒரு பிசிறில்லாமல் வாசித்தாய், ஃபாதர் மேடையிலேயே பாராட்டினார், நான் வெளியே வந்து எல்லாரிடமும் கைகொடுத்தேன், அந்தத் தாளை யாரும் பார்க்கவில்லை. நீ யுனிவர்சிட்டி போகும்வரை வருஷா வருஷம் அப்படித்தான். பள்ளியில் எப்படியோ பாஸ் பண்ணினாய், அதோடு சரி. உனக்குச் சோம்பல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், உன்னிடமிருந்து தமிழ் எழுத்தைப் பறித்தது நான்தான் கண்ணு.

அல்மாஸ் என்ன செய்தாள்? நீ முதல்முறை எழுதிய பலகையில் மூன்று தப்பு, அவள் அழிக்கவே இல்லை, இரண்டு நாள் அப்படியே வாசலில் வைத்திருந்தாள், காப்பி குடிக்க வந்தவர்கள் சிரித்துச் சிரித்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நீதானே சொன்னாய். அந்த இரண்டு நாள் பொறுமை எனக்கு இல்லாமல் போயிற்றே என்றுதான் அவள்மேல் பொறாமை. அவளை நான் சுகம் கேட்டதாகச் சொல்லாதே, இன்னும் எனக்கு மனசு வரவில்லை.

இந்தக் கடிதத்தையும் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவிடுங்கள், பிள்ளை கஷ்டப்படும் என்றாள் அம்மா. முடியாது என்றேன். நீயும் இதைப் போனில் படம் எடுத்து மெஷினை வாசிக்க விடாதே. ஒரு நாளைக்கு ஒரு பாரா போதும், மாதம் ஆனாலும் ஆகட்டும், வாய்விட்டுப் படி. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி செபத்தை விடாதே, கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. ஆண்டவர் உன்னை எல்லாத் தீமையிலிருந்தும் காக்கட்டும், மாதா உன் கூடவே இருக்கட்டும். எனக்கு நீ உன் கையால், தமிழில், நாலே நாலு வரி எழுதி அனுப்ப வேண்டும். தப்பும் தவறுமாகவே எழுது. நான் ஒரு எழுத்தையும் திருத்த மாட்டேன், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி அப்படியே ஹாலில் மாட்டி வைப்பேன்.

உன் அப்பா,
இயேசுதாசன்