எங்கே விட்டேன்

மார்ச் 3, செவ்வாய்

அண்ணன் மகள் என்னோடு தங்க வந்து எட்டு மாதம். அவள் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டால் நான் சுவரோடுதான் பேச வேண்டும். இன்று அவளே வாயைத் திறந்தாள். ஏதோ ஆபீஸ் காகிதமெல்லாம் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகக் கிடக்கிறதாம். எல்லாவற்றையும் திறந்து பார்க்க ஒரு புரோகிராம் எழுதுகிறாள். ஒவ்வொரு ஃபோல்டருக்குள் நுழையும்போதும் அது தன்னையே இன்னொரு தடவை கூப்பிட்டுக்கொள்ளும். உள்ளே போனது திரும்புகிறவரை வெளியே இருப்பது காத்துக் கிடக்கும். ரிகர்ஷன் என்று பேர். ரொம்ப ஆழம் போனால் தாங்காமல் நின்றுவிடுகிறதாம்.

இப்படித்தான் எங்க டீச்சரம்மா, என்று ஆரம்பித்தேன். அவங்க வீட்டுக் கிணறு, அதை வெட்டினவர், அவர் கல்யாணம்…

"அத்தை, உங்க பேச்சும் இதே கேஸ்தான். கதைக்குள்ள கதையா போறீங்க, திரும்பி வர்றதே இல்ல."

நானும் சிரித்தேன்.

மார்ச் 4

சிரிச்சிருக்கக் கூடாது. இன்னைக்குப் பூரா வாயே திறக்கல. அவ கவனிக்கவும் இல்ல.

மார்ச் 5

புரோகிராம் இன்னும் ஓடவில்லை. திங்கட்கிழமை மேலதிகாரிக்குக் காட்டணும். ஓடினால் வேறு ஊரில் பெரிய வேலையாம்.

சாமி முன்னால நின்னேன். ஓடணும்னு கேட்டா அவ போயிடுவா. ஓடக் கூடாதுன்னு கேட்க எனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? ஒண்ணும் கேக்காம கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

மார்ச் 7

திரும்பி வரத் தெரியாதவளா நான்? மளிகைச் சீட்டின் பின்னால் எழுதினேன்: டீச்சரம்மா. கிணறு. வெட்டினவர். கல்யாணம். புதுக் கதைக்குள் போனால் அடியில் ஒரு வரி. முடித்தால் அந்த வரியை அடித்துவிட்டு மேல் வரிக்கு வர வேண்டியது. பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

தண்ணீர் எடுக்க வந்தவள் இது என்ன என்று கேட்டாள். சொன்னேன். டம்ளரும் கையுமாக நின்றுவிட்டாள்.

"தன்னையே கூப்பிட வேண்டாம் அத்தை. ஒரே லூப், திரும்பத் திரும்பச் சுத்தும். பாக்கி இருக்கறத நாமளே எழுதி வச்சுக்கிட்டா போதும்."

தண்ணீரைக் குடிக்காமலே போய்விட்டாள்.

மார்ச் 9

ஓடிவிட்டது, கடைசி ஃபோல்டர் வரைக்கும். தன்னையே கூப்பிடுகிற பழையது படிக்க அழகாம், ஆனால் அந்த ஆழத்துக்கு லூப்தான் தாங்குமாம். என்னைக் கட்டிக்கொண்டாள்.

மார்ச் 21

போய்விட்டாள்.

மார்ச் 24

பிரிட்ஜ் கதவில் சீட்டைக் காணோம். பெருக்கித் தள்ளிட்டேனா? எங்க விட்டேன்னே ஞாபகம் இல்ல. யாருகிட்ட சொல்லப் போறேன், ஞாபகம் இருந்து?

மார்ச் 29, ஞாயிறு

போன் வந்தது. நலம்கூட விசாரிக்கவில்லை.

"கல்யாணத்துல நிக்கறீங்க அத்தை. சொல்லுங்க."

சீட்டை அவள்தான் எடுத்துப் போயிருக்கிறாள். கல்யாணத்தை முடித்தேன். கிணறு வெட்டினவரை முடித்தேன். கிணற்றையும் முடித்தேன். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கம் பேனா கோடு கிழிக்கிற சத்தம். டீச்சரம்மா மட்டும் மிச்சம். அதையும் முடித்தால் போனை வைத்துவிட வேண்டும்.

அந்த டீச்சரம்மாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள் என்றேன்.

அந்தப் பக்கம் பேனா மறுபடி எழுதுவது கேட்டது.